சிவப்பு மையில் ஒரு கு

என் அறைக்குக் கதவு வேண்டும் என்று ஏழு மாதமாக எழுதிக் கேட்டேன். திரை கொடுத்தார்கள். அதுவும் ஒரு முழம் குட்டை. உள்ளே இருப்பது யாரென்று வெளியே பெஞ்சில் இருப்பவர்கள் செருப்பைப் பார்த்தே சொல்லிவிடலாம். அந்தத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, வாய் கூசாமல், வருகிற ஒவ்வொருத்தியிடமும் சொல்வேன்: "இங்க பேசறது வெளிய போகாதும்மா."

பிரசவ ஆஸ்பத்திரியில் எனக்கு ஆலோசகர் உத்தியோகம். கர்ப்பிணிகளிலும் புதிதாய்ப் பிள்ளை பெற்றவர்களிலும் குடிப்பவர்களிடம் பேசி நிறுத்த வைக்க வேண்டும். பேச்சு என்று பெயர்தானே தவிர, பாதி வேலை அவர்களாக வாயைத் திறக்கும்வரை சும்மா இருப்பதுதான்.

காஜா எடுக்கும் பெண் வாயைத் திறக்க மூன்று வாரம் ஆனது. சட்டைக் கம்பெனியில் நாள் முழுக்கப் பித்தான் துளை தைப்பவள். நாலு மாதக் கர்ப்பத்தோடு வந்தாள். முந்தைய கரு கலைந்ததிலிருந்து தூக்கம் போய், தூங்குவதற்காகக் குடிக்கத் தொடங்கியிருந்தாள். தினமும் நாலு கிளாஸ். நான் திட்டவில்லை. வயிற்றில் இருப்பதற்கு ஒரு சொட்டும் ஆகாது என்பதை மறைக்கவும் இல்லை. கிளாஸுக்கு ஒரு கோடு போட்டு வரச் சொன்னேன். துணியில் அளவு குறிக்கும் சாக்கட்டியால் தன் அலமாரிக் கதவின் உட்பக்கம் போட்டாள். நாலு மூன்றாகி, இரண்டாகி, ஒன்றானது. கோடு போடத் தொடங்கிய ஐந்தாவது வாரம் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாள்.

"நேத்து கோடே போடல மேடம்."

அந்த நேரம் பார்த்துத் திரைக்கு வெளியே பெரிய சிஸ்டர் ஊரைக் கூட்டினாள்: "அந்தக் குடி கேஸ் முடிஞ்சுதா? எடை பாக்கணும், அனுப்புங்க."

பெஞ்சில் அவளுடைய நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். காஜாக்காரியின் முகம் செத்துப்போனது. எழுந்து, என்னைப் பார்க்காமலேயே போய்விட்டாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே போய் பெரிய சிஸ்டரைப் பிடி பிடியென்று பிடித்தேன். அவள் அலட்டிக்கொள்ளவே இல்லை. காஜாக்காரியின் ஆஸ்பத்திரி அட்டையை எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள். மேலட்டையில் சிவப்பு மையில், வட்டம் போட்டு, கொட்டை எழுத்தில் 'கு'.

"இது யாரு போட்டது? கு-ன்னா குடின்னு நீங்கதானே சொன்னீங்க?"

நான்தான் போட்டேன். குவியலில் என் அட்டைகளைச் சட்டென்று பிரித்தெடுக்க வசதியாக இருக்கும் என்று, நாற்பது பேர் நெற்றியிலும் என் கையாலேயே பச்சை குத்தியிருக்கிறேன். கதவு கேட்டு எழுதிய அதே மேஜையில் உட்கார்ந்து, அதே கையால். பெரிய சிஸ்டர் மேல் வந்த கோபம் திரும்பி வந்து என் கன்னத்திலேயே விழுந்தது.

அடுத்த வாரம் காஜாக்காரி வராமல் இருந்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். வந்தாள், நாத்தனாரோடு. நான் காலி நாற்காலியைக் காட்டுமுன்பே நாத்தனார் அதில் உட்கார்ந்துவிட்டாள். வீட்டுச் சாவி இப்போது தன் இடுப்பில் இருப்பதையும், அலமாரியில் இவள் கிறுக்கியிருந்ததையெல்லாம் ஈரத்துணியால் துடைத்துவிட்டதையும் பெருமையாகச் சொன்னாள். எத்தனை கிளாஸ் என்று நான் கேட்டதற்குக் காஜாக்காரி பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னாள்.

"குடிக்கறதே இல்ல மேடம்."

கேட்டுக்கொண்டுதானே இருப்பாள், பெரிய சிஸ்டர் திரையை விலக்கித் தலையை நீட்டினாள். பூஜ்யம் என்று பதிவேட்டில் அவளே எழுதினாள். மேலிடத்துக்கு அனுப்ப ஒரு வெற்றி கிடைத்துவிட்டது. எனக்கு அந்தப் பதிவேட்டைக் கிழித்துப் போடலாம் போலிருந்தது.

எடை பார்க்கும் வரிசையில் கூட வந்தவர்தான் நிற்க வேண்டும் என்று நாத்தனாரிடம் சொன்னேன். பச்சைப் பொய். திரைக்கு அடியில் அவள் செருப்பு நகர்ந்து மறையும்வரை பார்த்திருந்தேன். அந்தக் குட்டைத் திரை எனக்குச் செய்த ஒரே உபகாரம் அது.

தப்பு என்னுடையது என்று காஜாக்காரியிடம் சொன்னேன். அவள் தன் அட்டையில் இருந்த சிவப்பு எழுத்தை விரலால் தடவினாள்.

"மொத நாளே அண்ணி கேட்டாங்க மேடம், இது என்னன்னு. கு-ன்னா குழந்தைன்னு சொல்லி வெச்சிருந்தேன். குழந்தை நல்லா வளருதுன்னு நீங்க போட்டதுன்னு. இத்தன வாரமா நம்பிட்டிருந்தாங்க."

அட்டையை வாங்கிக் கவிழ்த்து வைத்துவிட்டு, இப்போது எத்தனை கிளாஸ் என்று கேட்டேன்.

"இப்ப ஒளிச்சுத்தான் மேடம். கம்பெனி பாத்ரூம்ல. ஒளிச்சுக் குடிச்சா எண்ண முடியல."

புது அட்டை ஒன்றில் அவளுடைய விவரங்களை மட்டும் எழுதிக் கொடுத்தேன். முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் பேனாவை மூடி வைத்தபிறகு, பையிலிருந்து சாக்கட்டியை எடுத்து, என் மேஜை இழுப்பறையைக் காட்டினாள்.

"இதுக்குள்ள போட்டுக்கவா? நேத்தையது மட்டும்தான் ஞாபகம் இருக்கு."

இழுத்துத் திறந்தேன். உள்பலகையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டுக்கொண்டே போனாள். நாலில் நிறுத்துவாள் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை.