மாடிக்கு விட்ட கம்பிகள்

1.

தமிழில் இதுவரை எவரும் ஒரு கதையை முடித்ததில்லை. நான் முடிக்கப்போகிறேன். இதை அடக்கத்தோடுதான் சொல்கிறேன். கடைசிப் பத்தியில் முடிவை வாசகர் கையில் கொடுத்துவிட்டு நழுவுகிறவர்கள், பந்தியில் சாப்பிட்டு எழுந்து எச்சில் இலையைப் பக்கத்து ஆளிடம் நீட்டுகிறவர்கள். என் இலையை நானே எடுப்பேன்.

கதை கிடைத்த இடம், கும்மிடிப்பூண்டியிலிருந்து மதராஸ் போகும் காலை ரயிலின் ஜன்னல். கவரைப்பேட்டை தாண்டியதும் தண்டவாளத்தைப் பார்த்தபடி ஒரு தளம் போட்ட வீடு. மொட்டைமாடி விளிம்பில் இரும்புக் கம்பிகள் கொத்துக்கொத்தாக வானத்தைப் பார்த்து நின்றன. ஒவ்வொரு கொத்துக்கும் கீழே சுவரில் நீளமாகத் துருக்கறை. ஒருவர் ஏணியில் நின்று அதன்மேல் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். ரயில் போய்விட்டது. இனி வருவதெல்லாம் கற்பனை. (அன்று கல்லூரிக்குத் தாமதம் என்பது மட்டும் உண்மை. அது ரயிலின் குற்றம்.)

2.

முதல் தொடக்கம்: "1977. நாடெங்கும் மாற்றக் காற்று வீசிய அந்நாளில், ஒரு சுவர்"

வேண்டாம். சுவருக்கும் காற்றுக்கும் சம்பந்தமில்லை. மழைக்குத்தான் சம்பந்தம்.

இரண்டாவது: "துரு என்பது இரும்பின் கண்ணீர்."

இதை எழுதியவன் நான்தான் என்பதை மறைக்க விரும்பவில்லை.

மூன்றாவது: சுப்பிரமணிக்கு அலுப்பாக இருந்தது.

இது நிற்கும்.

3.

சுப்பிரமணிக்கு அலுப்பாக இருந்தது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்புச் சட்டங்களுக்குத் துருப்பிடிக்காமல் ரெட் ஆக்சைடு பூசுவது அவர் வேலை. துருவைச் சுரண்டாமல் மேலே பூசுகிற புது ஆட்களை ஏசுவதும் அவர் வேலைதான். வீட்டுக்கு வந்தால், சுரண்டாமல் மேலே பூசுவார்.

உப்பும் எலுமிச்சையும் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். புளி கரைத்து ஊற்றினார். சிமெண்ட் பெயிண்ட் இரண்டு கை அடித்தார். காய்ந்ததும் சுவர் வெளேரென்று இருக்கும். ஒரு தூறல் போட்டால், போனவருடம் இறங்கிய அதே தடத்தில் கறை மறுபடி இறங்கும். கம்பிகளுக்கே ஒரு கை பூசலாம் என்று மேலே ஏறினால், அடியில் துரு செதில் செதிலாக உரிந்து வந்தது. எதைப் பூசினாலும் பிடிக்கவில்லை.

கூட வேலை செய்யும் மோசஸ் ஒருநாள் வந்து அண்ணாந்து பார்த்தார்.

"இன்னா சுப்ரமணி, கம்பெனில அம்மாம் பேசுற. கறை செவுத்துலயா கீது? மேல கீது. கம்பிய அறுத்துட்டு சிமெண்ட் வெச்சு மூடு நைனா. பேஜாரு தீந்துது."

"அப்பால மாடி எப்பிடிக் கட்றது?"

"எந்த ஜென்மத்துல?"

சுப்பிரமணி பீடி பற்றவைத்தார்.

[குறிப்பு: இந்தப் பக்கத்தில் வீடு கட்டுகிற எவரும் வீட்டை முடிப்பதில்லை. பின்னால் மாடி எடுக்கலாம் என்று கம்பியை நீட்டிவிட்டு, கீழே குடியிருந்து கிழவர்களாகிறார்கள். முடிக்கத் துணிவில்லாதவர்களின் கட்டடக்கலை. இதைப் பற்றிக் கல்லூரி மலரில் தனியாக ஒரு கட்டுரை]

கட்டுரை கிடக்கட்டும்.

4.

அவர் ஏன் அறுக்கவில்லை? கஞ்சத்தனம் என்று முதலில் எழுதினேன். அதை நானே நம்பவில்லை. அதனால் ஒரு தம்பியைச் சேர்க்கிறேன்: பரசுராமன்.

கீழே அண்ணன், மேலே தம்பி என்றுதான் வீட்டைத் தொடங்கினார்கள். அந்தக் கம்பிகளை இருவரும் ஆளுக்கொரு முனையாகத் தோளில் சுமந்து வந்தார்கள். பிறகு பொது நிலத்து நெல் பங்கில் ஒரு பேச்சு வந்தது. பேச்சு முற்றி, "என் ஊட்ட உட்டுப் போடா" என்றார் சுப்பிரமணி. அவன் போய்விட்டான். சூலூர்ப்பேட்டையில் இருப்பதாகக் கேள்வி. அதே ரயில் பாதைதான். கண்காணாத தூரமில்லை.

(தம்பிக்கு இன்னும் முகம் வரவில்லை. மீசை வைத்துப் பார்த்தேன், எடுத்துவிட்டேன்.)

கம்பியை அறுத்தால், தம்பி வரமாட்டான் என்று அண்ணனே ஊருக்குச் சொன்னதாகும். இவ்வளவுதான் விஷயம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மகள் செல்வியைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

"நேத்து அடிச்ச வெள்ளையப் போய் பாருங்க," என்றாள் மனைவி பூவம்மாள். "ஆரோ மேலேர்ந்து வெத்தல துப்புனா மாதிரி கீது."

"இன்னொரு கை அடிச்சிடறேன்."

"அடிச்சிக்கினே இருங்க. அவங்க வந்து எறங்கச்சொல்ல நீங்க ஏணி மேல நிப்பீங்க. மாப்ள ஊட்டுக்காரங்க உங்களக் கூலிக்கு வந்த ஆளுன்னு நெனச்சிக்குவாங்க."

செல்வி உள்ளேயிருந்து சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

"அவன் வந்தா எங்க இருப்பான், பூவு?"

பூவம்மாள் அண்ணாந்து கம்பிகளைப் பார்த்தாள்.

"கீழ எடமில்லையா? நான் பாய் போட மாட்டனா? கம்பி மேலயா வந்து படுத்துக்கப்போறாரு?"

5.

இனி முடிவு.

முடிவு அ: ஞாயிற்றுக்கிழமை பரசுராமன் பழத்தட்டோடு வாசலில் வந்து நிற்கிறான். அண்ணனும் தம்பியும் கட்டிக்கொள்கிறார்கள். (எழுதும்போதே கொட்டாவி வந்தது.)

முடிவு ஆ: மாப்பிள்ளையின் அப்பா கறையைத் தொட்டுப் பார்த்து, "எங்க ஊட்லயும் இதே ரோதனதான்" என்கிறார். சம்பந்தம் முடிகிறது. (செல்விக்கு நல்லது. சுப்பிரமணிக்கு ஒன்றும் ஆகவில்லை.)

முடிவு இ. இதுவே இறுதியானது:

சனிக்கிழமை சாயங்காலம், வேலை முடிந்து வந்த கையோடு, மோசஸிடம் வாங்கிய, இரும்பறுக்கும் ஆக்ஸா பிளேடுடன் சுப்பிரமணி ஏணியேறினார். முதல் கம்பியைப் பிடித்ததும் உள்ளங்கையெல்லாம் சிவப்புத் துருப்பொடி ஆயிற்று. அறுக்க ஆரம்பித்தார். கம்பி இவ்வளவு துருப்பிடித்தும் உள்ளே கெட்டியாகத்தான் இருந்தது. கீழே பூவம்மாள் குழைத்த சிமெண்டுச் சட்டியுடன் நின்றாள்.

"மெதுவா அறுங்க. இது காஞ்சா வேற கொழச்சிக்கலாம்."

கம்பி துண்டாயிற்று. அதைத் தூக்கிப் போடவில்லை, படுக்க வைத்தார். அடுத்த கம்பியில் பிளேடை வைத்தபோது, வடக்கேயிருந்து வரும் பாசஞ்சர் கவரைப்பேட்டையில் நின்றுவிட்டுக் கிளம்புகிற சத்தம் கேட்டது. ரயில் வீட்டைத் தாண்டிப் போனது. ஸ்டேஷனில் இறங்கியவர்கள் நாலைந்து பேர் வரப்பில் நடந்து வந்துகொண்டிருந்தார்கள். இருட்டத் தொடங்கியிருந்தது. முகம் தெரியவில்லை. அவர் கையை எடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்து அவர்

அடுத்து அவர் இரண்டாவது கம்பியையும் அறுத்தார். (அடித்துவிட்டேன்.)

அடுத்து அவர் ஏணியில் இறங்கினார். (இதையும்.)

எனக்கும் அலுப்பாக இருக்கிறது. வருகிறவர்களில் ஒருவன் பரசுராமனாக இருந்தாலும் இருக்கலாம். எதற்கும் இருக்கட்டும் என்று கீழே சில வரிகள் காலியாக விட்டு வைத்திருக்கிறேன். நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.