இடது பக்கம் நிற்பவள்

மலையடிவாரத்தில் பஸ் நின்றதும் ஆளுக்கொரு உறையைக் கையில் கொடுத்தார்கள். உள்ளே பனியன். அப்பாவையோ அம்மாவையோ சிறுநீரக நோய்க்குப் பறிகொடுத்தவர்கள் அவர்கள் நினைவாக மலை ஏறுவது, அதற்கென்று தெரிந்தவர்கள் தரும் நன்கொடையில் ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸ் மிஷின் வாங்குவது என்று ஏற்பாடு. ஒவ்வொரு பனியனிலும் அவரவர் இழந்தவரின் படம்.

பவர் தன்னுடையதைப் பிரித்தான். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன் என்பதால் வந்த பட்டப்பெயர் அது. முதலாளிகூட அப்படித்தான் கூப்பிடுவார். பிரித்த வேகத்திலேயே பனியனைச் சுருட்டி மறுபடி உறைக்குள் திணித்தான்.

‘அம்மாவின் நினைவாக’ என்ற எழுத்துக்கு மேலே சித்தி சிரித்துக்கொண்டிருந்தாள்.

உயிரோடு இருக்கிற சித்தி. அவனை வழியனுப்பவென்று கூடவே பஸ்ஸில் வந்து, இதோ எதிர்ச் சாரி டீக்கடையில் உட்கார்ந்து, சர்க்கரை ஏன் இத்தனை போட்டாய் என்று கடைக்காரரை ஒரு பிடி பிடித்துக்கொண்டிருக்கிற சித்தி.

அம்மா அவனுக்கு விவரம் தெரியும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். அன்றிலிருந்து வளர்த்தது சித்திதான். அம்மாவுக்கென்று மிஞ்சியது ஒரே ஒரு ஸ்டுடியோ படம். அக்காவும் தங்கையும் தோளோடு தோள் உரச நிற்பார்கள். வலது பக்கம் ஒல்லியாய், நீள முகத்தோடு அச்சு அசலாகச் சித்தி. அப்படியானால் இடது பக்கம் கன்னம் உப்பி நிற்பவள் அம்மா. இதை யாரும் அவனுக்குச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. பரீட்சைக்குப் போகும்போதும் வேலை கேட்டுப் போகும்போதும் இடது பக்கத்தைப் பார்த்து மனசுக்குள் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் படியிறங்குவான். பனியன் அச்சடித்தவரிடமும் “இடது பக்கம் நிக்கிறவங்க” என்றுதான் சொல்லியிருந்தான். அந்த மனுஷர், படத்தில் இருப்பவர்களின் இடது கைப்பக்கம் என்று எடுத்துக்கொண்டுவிட்டார் போலிருக்கிறது.

எல்லோரும் பனியனைப் போட்டுக்கொண்டுதான் ஏற வேண்டும். பஸ்ஸுக்குப் பின்னால் போய்ப் பனியனை மாட்டி, மேலே ஜாக்கெட்டைப் போட்டுக் கழுத்துவரை ஜிப்பை இழுத்துக்கொண்டான். சித்தி தூரத்திலிருந்தே, “பாத்துப் போடா! பள்ளத்துப் பக்கம் நடக்காதே!” என்று கத்தினாள்.

ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. அவனோடு சேர்ந்து நடந்தவர் ஒரு கணக்கு டீச்சர், அப்பாவுக்காக வந்திருந்தார்.

“ஏன் தம்பி, வேர்த்து ஊத்துதே. ஜாக்கெட்டைக் கழட்டுங்களேன்.”

சித்திதான் கீழே இருக்கிறாளே என்று கழற்றினான். டீச்சர் படத்தைப் பார்த்தார்.

“அம்மாவா? எப்படிப்பட்டவங்க?”

இது அம்மா இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. “ரொம்ப வாய். ஆனா மனசு தங்கம்” என்று சொல்லிவிட்டான். அவ்வளவுதான், அணை உடைந்த மாதிரி வந்துகொண்டே இருந்தது. கொட்டுகிற மழையில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பள்ளிக்கு வந்து, அவனை வகுப்புக்கு வெளியே நிற்கவைத்த ஹெட்மாஸ்டரைக் கேள்வி கேட்டது. சலவைக் கடையில் இஸ்திரி போட்டுக் கையைச் சுட்டுக்கொண்டு வந்து, இவன் பார்த்துவிடாமல் மறைத்தது. எல்லாம் சித்தி. எல்லாவற்றையும் ‘இருந்தாங்க’, ‘செஞ்சாங்க’ என்றே சொன்னான். டீக்கடையில் இருப்பவளைத் தன் வாயாலேயே கொன்றுகொண்டிருக்கிறோமோ?

உச்சியில் எல்லோரும் வட்டமாய் நின்று கண்ணை மூடினார்கள். பக்கத்தில் டீச்சர் விசும்பினார். அவனுக்கு அழுகை வரவில்லை. அம்மாவைக் கொண்டுவரப் பார்த்தான். சித்திதான் வந்து நின்றாள். கடைசியில் அந்த உப்பிய கன்னத்தை ஒருவழியாகப் பிடித்து நிறுத்தி, ‘சித்திக்கு ஒண்ணும் ஆகாம பாத்துக்கோம்மா’ என்று கேட்டுக்கொண்டான்.

இறங்கும்போது காற்று சில்லென்று அடித்தது. ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டான், ஜிப்பை இழுக்க மறந்துபோனான். சித்தி கீழே காத்திருப்பதை வழியில் அவன் சொல்லியிருந்ததால், டீக்கடை வாசலில் டீச்சர் நேராகச் சித்தியிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீங்கதான் சித்தியா? உங்க அக்கா கதையெல்லாம் சொன்னார். ஹெட்மாஸ்டரையே உண்டு இல்லைன்னு பண்ணிட்டாங்களாமே!”

“அக்காவா? அவ எறும்பைக்கூட அதட்ட மாட்டாளே! அது நான்தானே!” என்று திரும்பிய சித்தியின் கண், திறந்திருந்த ஜாக்கெட்டுக்குள் போய் நின்றது.

இன்றைக்குத் தொலைந்தோம் என்று நினைத்தான். சித்தி எழுந்து வந்தாள். பனியனின் சுருக்கத்தை உள்ளங்கையால் நீவிவிட்டாள்.

“அக்கா... எவ்வளவு தெளிவா வந்திருக்குடா.”

“சித்தி... இது நீதானே?”

“நானா? நான்தான் அந்தப் படத்துல பக்கத்துல பன்னு மாதிரி நிப்பேனே. டைபாய்டு வந்து படுத்து எந்திரிச்சப்புறம்தான் இப்படி வத்திப்போனேன். அப்படியே அக்கா மாதிரி ஆயிட்டியேன்னு எல்லாரும் சொன்னாங்க. உனக்குத் தெரியாதா?”

“யாரும் சொல்லலையே.”

“கேட்டாத்தானே சொல்றதுக்கு!”

டீச்சர் ஏதோ புரிந்ததுபோல் மெதுவாக நகர்ந்துகொண்டார். பவர் பெஞ்சில் உட்கார்ந்தான்.

“பரீட்சைக்கெல்லாம் உன்கிட்டதான் சொல்லிட்டுப் போயிருக்கேன், சித்தி. அம்மான்னு நெனச்சு.”

“பாஸ் பண்ணிட்டே இல்ல? அப்புறம் என்ன?” என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் முகம் சட்டென்று கோணியது. “அப்ப அவளை நீ ஒருவாட்டிகூடப் பாக்கலையா? அத்தனை வருஷமும் பக்கத்துலயே நின்னுட்டு இருந்தாளேடா.”

தினமும் பார்த்திருக்கிறான். சித்தி சின்ன வயதில் எப்படிச் சிரித்திருக்கிறாள் என்று பார்த்துவிட்டு, அடுத்த முகத்துக்குத் தாவியிருக்கிறான். கேட்டது ஒருத்தியிடம், நினைத்தது இன்னொருத்தியை. யார் காதில் எது விழுந்திருக்கும்? மலைமேல் கேட்டுக்கொண்டது வேறு இருக்கிறது. சித்தியைப் பார்த்துக்கொள்ளும்படி சித்தியிடமே சொல்லிவிட்டு வந்திருக்கிறான். அழுவதா சிரிப்பதா என்று புரியாமல், சித்தி மிச்சம் வைத்திருந்த ஆறிப்போன டீயைக் குடித்து வைத்தான்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோர சீட்டைச் சித்திக்குக் கொடுத்தான். கொஞ்ச தூரம் போனதும் கேட்டான்.

“அம்மா எப்படி இருப்பா, சித்தி?”

இத்தனை வயதில் முதல் தடவையாகக் கேட்கிறான் என்பது கேட்ட பிறகுதான் உறைத்தது. சித்திக்கும் உறைத்திருக்க வேண்டும். புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, பெரிய கதை சொல்லப்போகிறவள்போல் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“அவ சிரிச்சா சத்தமே வராது. தோள் மட்டும் குலுங்கும்.”

அவன் காத்திருந்தான். சித்தி நெற்றியைச் சுருக்கினாள்.

“இல்ல... இரு. சத்தம் வராம சிரிக்கிறது எங்க பெரியம்மா. அக்கா...”

மேலே வரவில்லை. அவன் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்க்க ஆரம்பித்தாள்.

“இருடா, யோசிச்சுச் சொல்றேன்.”