ஆமத்தூரை விட்டுக் கிளம்பிய வீடு

2006 ஆவணி மாதம் ஆமத்தூர் மாரிசெல்வியின் ஓட்டு வீடு விருதுநகர் ஆஸ்பத்திரியைப் பார்த்து நகர ஆரம்பித்தது. முதல் நாள் ஒரு சாண், மறுநாள் மூன்று அடி. மாரிசெல்விக்கு அப்போது நாலாம் மாதம். மனசுக்குள் அவள் எம்புட்டுப் பயந்தாளோ அம்புட்டுத் தூரம் வீடு போனது. இரண்டு வருசத்துக்கு முன்னால் நிறைமாதத்தில் ஒரு பிள்ளை வயிற்றோடு போயிருந்தது. அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. சுவர் விரியவில்லை, ஓடு சரியவில்லை, பருத்திக்காட்டில் ஒரு செடி நசுங்கவில்லை. மரம் குறுக்கே நின்றால் வீடு ஒதுங்கிப் போனது. கரண்டு ஆபீஸ்காரர் இரண்டு வாரம் வயரை நீட்டிப் பார்த்துவிட்டு, எங்கேயாவது நின்றதும் சொல்லிவிடுங்கள் என்று போய்விட்டார். மாமியார் மாடத்தி குழம்பை அரைச்சட்டிக்கு மேல் வைப்பதை விட்டாள். பொழுது சாய்ந்ததும் கோழிகள் வரிசையாக நடந்து வந்து கூட்டில் அடைந்தன. புருசன் பாலகுரு சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் கம்பெனியில் வேலை பார்த்தான். வேலை முடிந்து பஸ்ஸை விட்டு இறங்குகிறவன், ஆடு மேய்க்கிறவர்களிடம், "எங்க வீட்டப் பாத்தீகளா?" என்று கேட்பான். இப்போதுதான் ஓடையைத் தாண்டியது என்று அவர்களும் கைகாட்டுவார்கள்.

புரட்டாசிக் கடைசியில், தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தபோது, வீடு ஒரு வெடி கம்பெனியின் வேலிக்குள் நுழைந்தது. நேர் எதிரே வெடிகளை வெயிலில் காயப்போட்டிருந்த மேடை. போர்மேன் சோலைமலை மரியாதையாக ஓடிவந்து, அடுப்பை அமர்த்திவிடும்படி கேட்டுக்கொண்டார். மாடத்தி ஒரு குடம் தண்ணீரை ஊற்றினாள். வேலை செய்த நாற்பது பெண்களும், அலுமினியப் பொடி அப்பி வெள்ளியாய் மின்னிய கைகளோடு, வெளியே வந்து நின்றார்கள். இவர்களுக்கும் தன்னால் ஏதாவது ஆகிவிடுமோ என்று மாரிசெல்வி நினைத்ததுதான் தாமதம், வீடு ஒதுங்காமல் மேடையைப் பார்த்து வேகம் பிடித்தது.

மாதப் பரிசோதனைக்காக நர்ஸ் பொன்னுத்தங்கம் வீட்டைத் தேடி வந்தது அப்போதுதான். ஓடுகிற வீட்டில் லாவகமாக ஏறி, மாரிசெல்வியின் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "பயப்படாதேன்னு சொல்ல நான் வரல தாயி. என்ன பயம்னு வாயத் தொறந்து சொல்லு."

மாரிசெல்வி சொன்னாள். "போன தடவ வலி வந்த அன்னைக்கு ரயில்வே கேட்ட அடச்சிட்டாக. ஆட்டோவுக்குள்ள இருந்து கூட்ஸ் வண்டிப் பொட்டிய எண்ணிக்கிட்டே கெடந்தேன். நாப்பத்தெட்டாவது பொட்டியில வயிறு சும்மாயிருச்சு. இந்தப் பிள்ளையும் அப்பிடிப் போயிருமோன்னுதான் பயம்."

மேடைக்குப் பதினேழடி இருக்கும்போது வீடு நின்றது. மாடத்தி வாயில் முந்தானையை வைத்து அழுதாள். வாசலுக்கு வெளியே நின்ற பெண்களில் ஒருத்தி, தன் மகனைச் சுமந்தபோது பிள்ளைக்கு வால் முளைக்குமோ என்று ஏழு மாதம் தூங்காததைச் சொன்னாள். அடுத்தவள் அதைவிடப் பெரிய பயத்தைச் சொன்னாள். நாற்பது பேரும் சொல்லி முடிப்பதற்குள் சோலைமலைகூடச் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில் வீடு தானாக இடதுபக்கம் திரும்பி, வேலியைத் தாண்டி, மெயின்ரோட்டு ஓரத்தில் போய் அமர்ந்தது.

மறுநாளே பொன்னுத்தங்கம் மாரிசெல்வியை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனாள். டாக்டரம்மா பிள்ளையின் நெஞ்சுத்துடிப்பைக் கேட்க வைத்துவிட்டு, தூக்கமில்லாமல் போனாலோ சோறு இறங்காமல் போனாலோ நாள் கடத்தாமல் வரச் சொன்னார். சாயங்காலங்களில் மாரிசெல்வியும் பாலகுருவும் ரோட்டோரம் நடந்தார்கள். அவள் அன்றைய பயத்தைச் சொல்ல, பாலகுரு புத்தி சொல்லாமல் கேட்டுக்கொண்டான். அதுதான் அவனுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. படபடப்பு வந்தால் வயிற்றில் கைவைத்து இருவரும் சேர்ந்து மெதுவாக மூச்சு விட்டார்கள். பயம் போய்விடவில்லை, சில நாள் வீடு ஓரடி ஈரடி அசைந்தது. மாடத்தி சட்டியைப் பிடித்துக்கொள்வாள், அவ்வளவுதான். பிரசவத்துக்கு ஒரு வாரம் முன்பே ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சொந்தக்காரர் வீட்டில் போய்த் தங்கினார்கள். மாசியில் ஓவியா பிறந்தாள், மூன்று கிலோ, தொண்டை முழுக்கக் குரல்.

திரும்பி வந்தபோது வீடு ரோட்டோரத்திலேயே இருந்தது. பழைய இடத்துக்குப் போகச் சொல்லி யாரும் அதைக் கேட்கவில்லை. கரண்டு ஆபீஸ்காரர் வந்து கம்பம் நட்டார். ரேஷன் கார்டில் விலாசம் மாறியது. 2009-ல் மாரிசெல்வி மறுபடி உண்டானபோது வீடு மொத்தமே நாலு விரற்கடை நகர்ந்தது. விருதுநகர் பஸ்கள் இப்போது அங்கே நிற்கின்றன. கண்டக்டர்கள் "வந்த வீடு ஸ்டாப் எறங்குங்க" என்று குரல் கொடுக்கிறார்கள், இறங்குகிறவர்கள் இறங்குகிறார்கள்.