சனிக்கிழமைச் சிரிப்பு

மேடையில் பேசுகிறவனுக்கு ஒரு மைக். சிரிக்கிறவர்களுக்கு இரண்டு. மூன்றாவது வரிசைக்கு மேலே கூரையிலிருந்து தொங்கும் அந்த இரண்டிலும் என்ன விழுந்திருக்கிறது என்று கேட்டு, வெட்டி, ஒட்டிக் கொடுப்பது என் வேலை. பெரிய மனிதர்களின் உரைகளிலிருந்து 'அது வந்து', 'என்னன்னா' எல்லாவற்றையும் எடுத்துவிட்டு அவர்களைத் தெளிவாகச் சிந்திப்பவர்களாக மாற்றியிருக்கிறேன். இந்த முறை வந்தது என் தம்பியின் நிகழ்ச்சி.

தம்பி ஸ்டாண்ட்-அப் காமெடி பேசுகிறவன். அலுவலகங்கள், அதிகாரிகள், வாய் திறக்காத நல்ல குடிமக்கள், யாரையும் விட மாட்டான். வெள்ளி, சனி இரண்டு நாளும் ஒரே நிகழ்ச்சியைப் பேசியிருந்தான். எந்த ஜோக் எந்த நாள் நன்றாக விழுந்ததோ அதை எடுத்து, எல்லாம் ஒரே நாளில் நடந்ததுபோலக் கோக்க வேண்டும். நான் இரண்டு நாளும் போகவில்லை. போனால் அவனுக்குக் கை தட்ட வேண்டியிருக்கும்.

சனிக்கிழமைப் பதிவின் நாற்பத்தோராவது நிமிடத்தில் என்னைப் பற்றிப் பேசுகிறான்.

"எங்க அண்ணன் எங்க கியூவைப் பாத்தாலும் போய் நின்னுடுவான். எதுக்குன்னு கேக்க மாட்டான். இப்படி ஒரு குடிமகன் கிடைச்சா அரசாங்கம் எதுவுமே குடுக்க வேண்டாம், கவுன்டரை மட்டும் கட்டி விட்டாப் போதும். போன வாரம் கவுன்டரைப் பூட்டிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டாங்க. இவன் மட்டும் நிக்கிறான். 'வாடா போலாம்'னா, 'இருடா, இப்பதான் நான் முதல் ஆளா வந்திருக்கேன்'ங்கறான்!"

அரங்கம் வெடித்தது. அது என்னை ஒன்றும் செய்யவில்லை, தொழிலில் பழகிய சத்தம்தான். எல்லோரும் ஓய்ந்த பிறகு இடப்பக்க மைக்கில் ஒரு சிரிப்பு தனியாக வந்தது. மூச்சை அடக்கிப் பார்த்து, முடியாமல் விட்டு, மறுபடி உள்ளே இழுக்கும்போது விக்கலாகிவிடும் சிரிப்பு. அங்கேயே நிறுத்தினேன்.

அம்மா.

சனிக்கிழமை பெரியம்மா வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனவள். அப்பா போனதிலிருந்து ஆறு வருடமாக என்னோடுதான் இருக்கிறாள். மாத்திரை, கண் மருத்துவர், அவள் அறையில் எரியாமல் போகும் விளக்கு, எல்லாம் நான். இந்தச் சிரிப்பை ஆறு வருடத்தில் ஒரு தடவைகூட வீட்டில் கேட்டதில்லை. எங்கே போயிற்று என்று நான் தேடியதும் இல்லை, அது தம்பியிடம் இருப்பது தெரியும்வரை.

அன்று மாலை சாப்பிடும்போது அதே ஜோக்கை, எனக்கே தோன்றியதுபோல, அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். பூட்டிய கவுன்டர் வரை நன்றாகத்தான் வந்தேன். முதல் ஆள் என்பதையும் சொன்னேன்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "கால் வலிக்கலியாடா?" என்றாள்.

இருவரும் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டு முடித்தோம்.

மறுநாள் காலை அந்த இடத்தில் வெள்ளிக்கிழமைப் பதிவைப் போட்டேன். வெள்ளிக்கிழமை தம்பி கடைசி வரியை அவசரத்தில் விழுங்கியிருந்தான். சிரிப்பும் அரைகுறை. மோசமானது என்று தெரிந்தே போட்டேன். பதினெட்டு வருடத் தொழிலில் அது முதல் தடவை.

மதியம் தம்பி கேட்க வந்தான். நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தவன், அந்த இடம் வந்ததும் நிமிர்ந்தான்.

"அண்ணா, இது வெள்ளிக்கிழமைல்ல? சனிக்கிழமை பிச்சுக்கிட்டுப் போச்சே."

"மைக்ல கரகரப்பு."

"அந்த இடத்துல மட்டுமா?"

"ஆமா."

"உன்னக் கலாய்ச்சேன்னு கோவத்துல தூக்கிடலயே?"

"கலாய்க்கத்தானே உனக்கு டிக்கெட் வாங்கறாங்க. எனக்கென்ன கோவம்?"

அவன் சிரிக்கவில்லை. திரையில் ஓடும் ஒலி அலைகளின் பக்கம் திரும்பினான்.

"அம்மா வந்திருந்தா" என்றான். "உன்கிட்டச் சொல்ல வேண்டாம்னா. நான்தான் கெஞ்சிக் கூட்டிட்டு வந்தேன். மூணாவது வரிசை. நாப்பது நிமிஷம் கல்லு மாதிரி உக்காந்திருந்தாண்ணா. மந்திரி ஜோக்குக்கு ஒண்ணுமில்ல. ஆஸ்பத்திரி ஜோக்குக்கு ஒண்ணுமில்ல. அரங்கமே சிரிக்குது, அவ வாட்சைப் பாக்கறா. உன்ன இழுத்தேன், விழுந்து விழுந்து சிரிக்கறா." மேசை விளிம்பை நகத்தால் சுரண்டினான். "அங்கயும் நீதான்."

அவன் குரலில் இருந்தது எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. நேற்றிலிருந்து என்னிடம் இருந்ததும் அதே பொறாமைதான். அதை அவனிடம் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் மீதி எல்லாம் பொய்.

"இன்னொரு தடவை பாக்கறேன், கரகரப்பைக் குறைக்க முடியுதான்னு."

"அவ சிரிப்பு மட்டும் போயிடக் கூடாதுண்ணா. அது எனக்கு வேணும்."

"சரி, போ. சாயங்காலம் அனுப்பறேன்."

அவன் போனதும் சனிக்கிழமைப் பதிவைத் திரும்ப வைத்தேன். அதுவரை அந்தச் சிரிப்பைத் தாண்டி நான் கேட்டதில்லை. ஒட்டு தெரியாமல் இருக்க, அடுத்த ஜோக்கின் தொடக்கம்வரை போக வேண்டியிருந்தது. விக்கல் அடங்குகிறது. தம்பி அடுத்ததைத் தொடங்குகிறான். அவன் குரலுக்குக் கீழே, பக்கத்து இருக்கைக்காரரிடம் அம்மா சொல்கிறாள்: "என் பெரியவன்தாங்க. நிஜமாவே நிப்பான்."

பலமுறை கேட்டேன்.

சிரிப்பை விக்கலோடு முழுதாக விட்டேன். அது தம்பிக்கு. அடுத்த மூன்று நொடிகளுக்கு இடப்பக்க மைக்கின் ஒலியை இறக்கினேன். அங்கே இப்போது அவன் குரல் மட்டும் சுத்தமாக இருக்கிறது. அம்மாவின் வார்த்தைகளைத் தனிக் கோப்பாக எடுத்து வைத்துக்கொண்டேன். தம்பியிடம் சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை.