அக்காவின் படத்துக்குப் பெயர் கிடையாது

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. அடையாள அட்டைக்குப் படம் எடுக்க ஒரு ஸ்டூடியோவுக்குப் போயிருந்தேன். அங்கே கண்ணாடி அலமாரியில் ஒரு பெண்ணின் படம். நாற்பது வயதிருக்கும். முகத்தின் வலது பக்கம் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தது. இடது பக்கம் அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொள்ளவே இல்லை.

"யாருங்க இது?" என்றேன்.

"எங்க அக்கா" என்றார் புகைப்படக்காரர். முழுக் கதையும் சொன்னார். எழுதலாமா என்று கேட்டேன். அவர் அக்காவுக்கே போன் போட்டுக் கொடுத்தார்.

"தாராளமா எழுதுங்க. ஆனா என்னை அழ வச்சிடாதீங்க. நான் அழல."

2

முதல் தொடக்கம்: "விதி அவள் முகத்தை இரண்டாகக் கிழித்திருந்தது. கண்ணாடி முன் நின்றவள் தன்னையே..."

வேண்டாம். அவள் கண்ணாடி முன் நின்றது உண்மைதான். கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொள்ள நின்றாள். [விதியை ஒரு கதைக்குள் விட்டால் அது லேசில் எழுந்து போகாது. காப்பி வேறு கேட்கும்.]

இரண்டாவது தொடக்கம். இது நிற்கட்டும்:

அக்கா பார்சல் அனுப்பும் அலுவலகம் ஒன்றில் பதினாறு வருடமாகக் கவுண்டரில் உட்கார்ந்திருந்தாள். ஒருநாள் காலை வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் இடது ஓரமாக ஒழுகியது. முகவாதம் என்றார் மருத்துவர். நிறையப் பேருக்குச் சில மாதத்தில் சரியாகிவிடும் என்றும் சொன்னார். எட்டு மாதம் ஆயிற்று. அக்காவின் இடது கண் இன்னும் முழுதாக மூடவில்லை, உதட்டின் இடது பாதி அசையவில்லை. வாய்த்துடுக்குக்கு மட்டும் ஒரு குறையும் வரவில்லை.

விடுப்பு முடிந்து வந்தவளிடம் மேலாளர் தன்மையாகத்தான் பேசினார். "உள்ள லேபிள் ஒட்டுற ரூம்ல உக்காந்துக்குங்களேன்மா. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். வர்றவங்க ஒரு மாதிரி பாக்குறாங்க."

"பாக்கட்டும் சார். நானும்தான் அவங்களப் பாக்குறேன்."

கவுண்டருக்குப் பின்னால், ஊழியர்களின் படங்களைக் குத்திவைத்த பலகை ஒன்று உண்டு. எல்லோரும் புதுப் படம் தரவேண்டும் என்று அந்த மாதம் அறிவிப்பு வந்தது. அக்காவை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "நீங்க பழைய படமே குடுத்துடுங்க, போதும்" என்றார் மேலாளர்.

அன்று சாயங்காலம் அவள் நேரே தம்பியின் ஸ்டூடியோவுக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். "எடுடா" என்றாள்.

3

தம்பியை எந்த அளவுக்கு நம்புவது என்று எனக்கு இந்த இடத்தில் சந்தேகம். கதையைச் சொன்னவரே அவர்தான். ஆனால் தனக்குச் சாதகமில்லாத ஒன்றை அவரே சொன்னார்: அக்கா உட்கார்ந்ததும் அவருக்கு முதலில் தோன்றியது இரக்கமல்ல. பன்னிரண்டு வருடம் நீலத் திரைக்கு முன்னால் விறைத்த முகங்களையே எடுத்துச் சலித்த மனுஷன் அவர். 'இந்த முகத்துல ஒரு பெரிய படம் இருக்கு' என்றுதான் நினைத்தாராம். ஆகையால் நம்பலாம்.

ஜன்னல் வெளிச்சத்தை வலது பக்கம் விழவிட்டு, இடது பக்கம் கறுப்புத் துணியைப் பிடித்தார். பாதி முகம் இருட்டில் அமிழ்ந்தது. அழகான படம்.

"மீதி மூஞ்சிய எங்கடா வச்சே?"

"அது ஒரு பாணிக்கா."

"எங்க மேலாளர் லேபிள் ரூம்ங்கிறார். நீ பாணிங்கிறே."

அடுத்து நேர்மாறாகச் செய்தார். விளக்கைக் கீழே இறக்கி, இடது பக்கத்திலேயே பாய்ச்சினார். அசையாத தசையெல்லாம் கல்லில் செதுக்கியதுபோல எழுந்து நின்றது.

"உன் கஷ்டத்த நெனச்சுக்கோக்கா."

"பசிக்குது."

"அது இல்ல. உள்ள இருக்கிற கஷ்டம்."

"உள்ளதான்டா பசிக்குது."

மூன்றாவதாக, அவள் முன்னால் ஒரு ஜன்னல் கண்ணாடித் துண்டை நிறுத்தி அதில் தண்ணீர் தெளித்து, அதன் வழியாக எடுத்தார். முகத்தில் கண்ணீர் ஓடுவதுபோலவே விழுந்திருந்தது. தம்பிக்குப் புல்லரித்தது. அக்கா கேமராவின் திரையை வெகுநேரம் பார்த்தாள்.

"நான் அழலையே. நீயா எதுக்கு எனக்கு அழுகைய வரையிறே?"

[இந்த வரியை எழுதியதும் பேனாவை வைத்துவிட்டேன். என் முதல் தொடக்கத்தில் நான் செய்யப் போனதும் அதேதான்.]

4

அக்கா எழுந்தாள். கேமராவைத் தம்பியின் கையிலிருந்து வாங்கினாள். "இப்ப நீ உக்காரு. உன் கஷ்டத்த நெனை."

தம்பி உட்கார்ந்தார். புருவத்தைச் சுருக்கினார், ஆழ்ந்த சோகமாக ஜன்னலைப் பார்த்தார். அக்கா ஒரு படம் எடுத்து அவருக்கே காட்டினாள். பேருந்தைத் தவறவிட்டவனின் முகம். அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கேமரா கீழே விழப்போகிறதே என்று பாய்ந்து வாங்கிய தம்பி, வாங்கிய வேகத்தில் பொத்தானை அழுத்திவிட்டார். விளக்கு அமைக்கவில்லை, கோணம் பார்க்கவில்லை. மேலே இருந்த டியூப்லைட் இரண்டு பக்கத்துக்கும் ஒரே மாதிரி வெளிச்சம் தந்துகொண்டிருந்தது.

"இதுதான்" என்றாள் அக்கா. "இதுல எதையும் சரிபண்ணாத. பன்னெண்டு காப்பி போடு."

ஒரு போட்டிக்கு அனுப்பலாம் என்று தம்பி ஆசைப்பட்டார். விண்ணப்பத்தில் படத்தின் பெயர் கேட்டிருந்தார்கள். 'பாதிச் சிரிப்பு' என்று எழுதினார். அக்கா அதை அடித்துவிட்டாள்.

"பாதின்னு யாருடா சொன்னது? நான் முழுசாத்தான் சிரிச்சேன்."

5

மறுநாள் அவளே பலகையில் படத்தைக் குத்தினாள். சாயங்காலத்துக்குள் காணாமல் போனது. மறுநாள் காலை இரண்டாவது. அதுவும் போனது. ஐந்தாவது படத்தைக் குத்தும்போது மேலாளர் பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னும் எத்தனைமா வச்சிருக்கீங்க?"

"ஏழு இருக்கு சார். தீந்தா எந்தம்பி போட்டுக் குடுப்பான்."

ஐந்தாவது படம் பலகையிலேயே இருந்தது. பதிலாக ஒரு கடிதம் வந்தது: அடுத்த வாரம் முதல் லேபிள் அறை. 'படித்தேன். சம்மதமில்லை' என்று அதன்மேலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு தன் நாற்காலிக்குப் போய், "அடுத்தவங்க வாங்க" என்றாள்.

6

இதோடு எனக்குத் தெரிந்தது தீர்ந்தது. மேலாளர் மனம் திருந்தி அவரே... என்று ஒரு முடிவு எழுதினேன். அவர் திருந்துவதற்காகவா அவள் படம் எடுத்தாள்? கிழித்தேன். ஒருநாள் காலை அவள் முகம் பழையபடி ஆகிவிடுவதாக இன்னொன்று. அதைவிட மோசம், இந்த முகம் ஏதோ தப்பு செய்து மன்னிக்கப்பட்டதுபோல ஆகிவிடும். அவள் வேலையை வீசிவிட்டு வெளியே நடப்பதாக மூன்றாவது. பதினாறு வருட நாற்காலியை அவளிடமிருந்து பிடுங்க நான் யார்?

என்னிடம் கதை கேட்ட பத்திரிகை ஆசிரியரோ, அந்த முகம் என்ன சொல்கிறது என்று கடைசியில் ஒரு வரி சேர்க்கச் சொல்கிறார். மாட்டேன்.

வேண்டுமானால் நீங்கள் சொல்லுங்கள். என்னிடம் வேண்டாம். அந்தக் கவுண்டர் காலை ஒன்பதரைக்குத் திறக்கும். ஒரு பார்சலைக் கட்டிக்கொண்டு வரிசையில் நில்லுங்கள். பாவம், துணிச்சல், உங்களிடம் எந்தச் சொல் இருந்தாலும் சரி, தயாராக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முறை வரும்போது அவள் நிமிர்ந்து பார்ப்பாள். அப்போது அவள் முகத்தைப் பார்த்தே சொல்லுங்கள்.