இன்னும் ஒரு வண்டி

எனக்கு ரயில் என்றால் உயிர் என்று சொந்தபந்தம் முழுக்க நம்பியது. சித்தி ரயில் படம் போட்ட பை வாங்கித் தந்தாள். மாமா, சாவி கொடுத்தால் ஓடும் ரயில் தந்தார். உண்மையில் எனக்கு ரயில் மேல் ஒரு ஆசையும் கிடையாது. எல்லா மின்சார ரயிலும் ஒன்றுபோலத்தான் இருந்தது.

அம்மாவும் அப்பாவும் தனித்தனியாகப் போன பிறகு, சனிக்கிழமைகளில் என்னைக் கைமாற்றும் இடமாக ஸ்டேஷன் அமைந்தது. யாரும் யார் வீட்டுப் படியும் ஏற வேண்டாம் என்று ஏற்பாடு. அப்பா லிஃப்ட் மெக்கானிக். கிரீஸ் கறை போகாத கையோடு வந்து இறங்குவார். கண்ணாடிக் கடையில் வேலை பார்த்த அம்மா, என்னை ஒப்படைத்ததும் திரும்பிவிட வேண்டும். முதல் வாரம் நான் விளையாட்டாக, இன்னும் ஒரு வண்டி பார்த்துவிட்டுப் போகலாம் என்றேன். பிள்ளை கேட்கிறதே என்று இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள், நடுவில் என் பையை வைத்துக்கொண்டு.

அந்த உபாயத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். விரைவு வண்டி இன்னும் வரவில்லை, புதுப் பெட்டி வைத்த வண்டியைப் பார்க்கவே இல்லை என்று வாய்க்கு வந்த சாக்கெல்லாம் சொன்னேன். வருகிற வண்டிக்கெல்லாம் கையாட்டுவேன். காது மட்டும் பெஞ்சுப் பக்கம் இருக்கும். முதலில் என் பல்வலியைப் பற்றிப் பேசினார்கள். பிறகு வீட்டுக் குழாய் ஒழுகுவதைப் பற்றி. இவள் எஞ்சின் ஓட்டத்தான் போகிறாள் என்று அம்மா அலுத்துக்கொள்வாள், ஆனால் எழுந்திருக்க மாட்டாள். ஒருநாள் சாரல் அடித்தபோது பையை மடியில் எடுத்துக்கொண்டு அப்பா பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். அப்பா ஏதோ சொன்னார், அம்மா சிரித்தாள். இன்னும் நாலு மழை பெய்தால் அப்பா வீட்டுக்கே வந்துவிடுவார் என்று மனக்கணக்குப் போட்டேன்.

அடுத்த சனிக்கிழமை வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. அப்பா பழைய கார் ஒன்று வாங்கியிருந்தார். இனி யாரும் ஸ்டேஷனில் காத்துக் கிடக்க வேண்டாம் என்று அவருக்கு ஒரே பெருமை. அம்மா மாடி ஜன்னலில் இருந்தபடியே கையாட்டினாள்.

போகிற வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. அப்பா எஞ்சினை அணைத்துவிட்டு, என் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினார்.

"உன் வண்டி வருது, பாரு."

நான் நிமிரவே இல்லை.

"எனக்கு ரயில் பிடிக்காதுப்பா."

"அப்புறம் எதுக்கு வாராவாரம் அவ்வளவு நேரம்..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

வண்டி போய், கேட் திறந்தது. பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்தார்கள். அப்பா காரைக் கிளப்பவில்லை.