ஆளுக்கு ரெண்டு மாத்திரை

தனகோடிக்கு அதுல ஒரு பெருமை. மரக்காணம் உப்பளத்துல எந்தப் பொம்பளைக்கு ஒண்ணுக்குப் போறப்ப எரிச்சல்னாலும் முதல்ல அவளைத்தான் தேடி வருவாங்க. அவ இடுப்புச் சுருக்குப்பையில மாத்திரை அட்டை எப்பவும் இருக்கும்.

எரிச்சல் வராம என்ன பண்ணும்? கண்ணுக்கெட்டின தூரம் உப்புப் பாத்திதான். ஒதுங்க ஒரு புதர் உண்டா, ஒரு செவுரு உண்டா? வரப்பு மேல ஆம்பளைங்க நடமாட்டம். விடியறதுக்கு முன்ன வீட்டுல போனதோட சரி, வேலை முடியிற வரைக்கும் அடக்கிக்கணும். அதுக்குப் பயந்து தண்ணியும் குடிக்க மாட்டாளுங்க, அந்த வெயில்ல! ஒரு கக்கூஸ் கட்டிக் குடுங்கன்னு கேட்டுக் கேட்டு வாய்தான் வலிச்சுது.

அது எப்பவோ தனகோடிக்கு ஒரு டாக்டர் அஞ்சு நாளைக்கு எழுதிக் குடுத்த மாத்திரை. ரெண்டு நாள்ல எரிச்சல் நின்னுபோச்சு, மீதியை எடுத்து வச்சுக்கிட்டா. தீந்தா அதே அட்டையை மெடிக்கல்ல காட்டி வாங்குவா. ஆளுக்கு ரெண்டு கிழிச்சுக் குடுப்பா. "நின்னுடுச்சுன்னா நிறுத்திடுங்கடி, சும்மா போட்டு உடம்பைக் கெடுத்துக்காதீங்க"ன்னு புத்திமதி வேற. பெரிய டாக்டரு!

அவ தங்கச்சி வைஜெயந்தியும் அங்கதான் உப்பு வார்றா. கல்யாணமாகி எட்டு வருஷம் கழிச்சு இப்பத்தான் வயித்துல ஒண்ணு தங்கியிருந்துச்சு. ஆறாம் மாசத்துல எரிச்சல்னு நெளிஞ்சா.

"நர்ஸம்மாகிட்ட ஒரு எட்டு காட்டிட்டு வரட்டுமாக்கா?"

"இதுக்குப் போயா? எனக்குக் கேட்டது உனக்குக் கேக்காதா?"

ரெண்டு மாத்திரை. நின்னுச்சு. பத்து நாள்ல திரும்பி வந்துச்சு, இன்னும் ரெண்டு. மூணாவது தடவை நிக்கலை. குளிர் ஜுரம் தூக்கித் தூக்கிப் போட்டுச்சு, இடுப்புக்கு மேல வலின்னு துடிச்சா. பாண்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினாங்க.

மறுநாளே குழந்தை போயிடுச்சு. ஆம்பளப் புள்ள. வைஜெயந்தி புருஷன் தேசப்பன், துணியில சுத்தினதை ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு, யாருகிட்டக் குடுக்கறதுன்னு தெரியாம வராண்டாவுல நின்னான். அப்பவும் தனகோடி கடவுளைத்தான் திட்டினா.

மூணாம் நாள் டெஸ்ட் ரிசல்ட் வந்துச்சு. டாக்டரம்மா தனகோடியைக் கூப்பிட்டாங்க.

"பொல்லாத கிருமிம்மா இது. கிட்னி வரைக்கும் ஏறிடுச்சு. வழக்கமா குடுக்கற மருந்து எதுக்கும் சாக மாட்டேங்குது. அரைகுறையா மாத்திரை போட்டா, தப்பிச்ச கிருமிதான் பெருகும். யாரு குடுத்தது?"

தனகோடி "தெரியலீங்க"ன்னா.

வேற ஊசி போட்டு, நாலு நாள் கழிச்சு வைஜெயந்திக்கு ஜுரம் விட்டுது. தனகோடி கஞ்சி எடுத்துக்கிட்டு வார்டுக்குள்ள நுழையறா, தேசப்பன் கட்டில் பக்கத்துல நின்னு கத்திக்கிட்டிருக்கான்.

"யாரைக் கேட்டுடி கண்ட மாத்திரையையும் வாங்கித் தின்னே? என் புள்ளைய நீயே கொன்னுட்டியேடி!"

டாக்டரம்மா வைஜெயந்திகிட்டயும் கேட்டிருக்காங்க. நானேதான் மெடிக்கல்ல வாங்கிப் போட்டேன்னு சொல்லியிருக்கா.

தனகோடி கஞ்சியைக் கீழ வச்சா. பேசாம இருந்தா யாருக்கும் தெரியப் போறதில்ல.

"தேசப்பா, அவளைத் திட்டாதே. நான்தான் குடுத்தேன். மூணு தடவையும் நான்தான். டாக்டரம்மாகிட்டயும் பொய் சொல்லிட்டேன்."

தேசப்பன் அவளையே பாத்தான். அடிச்சிருந்தாக்கூட தேவலை. வெளிய போயிட்டான்.

"ஏங்கா சொன்னே?"ன்னா வைஜெயந்தி. "பழி என்னோடயே போயிருக்குமே."

"எப்படிடி நீ சுமப்பே? பாவி நான் இருக்கறப்ப." தனகோடி அழுதுகிட்டே அவ கையைப் புடிச்சா.

வைஜெயந்தி கையை மெதுவா இழுத்துக்கிட்டா. ரவிக்கை முன்பக்கம் நனைஞ்சிருந்துச்சு.

"பால் கட்டிக்கிட்டு வலிக்குதுக்கா. உன்மேல கோவமில்ல. ஆனா உன்னைப் பாத்தா இன்னும் வலிக்குது. நீ போயிடுக்கா. நானா கூப்பிடற வரைக்கும் வராதே."